முழுக்கட்டை விமானம்

விமானம் கீற உட்காரும்போது முதலில் யன்னலைச் சாத்துவேன். கதிரைக்கும் கட்டிலுக்கும் நிலைக்கதவுக்கும் படம் கீறும்போது அந்தப் பழக்கம் இல்லை. படலையடியால் போகிற சனம் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, ஆரின்ர கலியாணத்துக்குக் கட்டில்?" என்று கேட்டால், கீறிக்கொண்டே பதில் சொல்லுவேன். விமானம் அப்படியில்லை. என்ர மனுசன் தடுப்பு முகாமிலிருந்து வந்தவர். சண்டை முடிந்தபிறகு இரண்டு வருசம் உள்ளே இருந்தவர். வெளியே வந்தும் கனகாலம் ஆமிக் காம்புக்குப் போய்ப் போய்க் கையெழுத்து வைத்தவர். அப்படிப்பட்ட ஒருவரின் வீட்டு மேசையில் விமானப் படம் கிடந்தால், அதுக்கு அர்த்தம் சொல்ல ஆட்கள் இருக்கினம்.

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். அதைச் சொன்னவர் வன்னிப் பக்கம் வந்ததில்லைப் போல. இங்கே வெறும் மடியையும் உதறிக் காட்டிவிட்டுத்தான் நடக்க வேணும்.

விசுவமடுவில் எங்களுக்கு ஒரு சின்னத் தச்சுப் பட்டறை. அவர் ஓடாவி. மரம் அவர் சொன்னபடி கேட்கும், பென்சில் கேட்காது. அதனால் கீறுகிற வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. ஒருதரும் படிப்பிக்கவில்லை, பிழைவிட்டுப் பிழைவிட்டுப் பிடித்ததுதான். "கோட்டை அழிக்கலாம், மரத்தை ஒட்டேலாது" என்பது அவருடைய வேதவாக்கு. பிழையெல்லாம் தாளோடு முடிந்துவிட வேணும் என்பது அதன் பொருள்.

உடையார்கட்டுக்குக் காணி பார்க்க வந்த கொழும்பு ஐயா ஒருவர், பட்டறையில் இவர் செதுக்கி வைத்திருந்த மரக்கொக்கைக் கண்டுவிட்டு, தனக்கொரு பழைய பயணிகள் விமானம் முழங்கை நீளத்தில் வேணும் என்றார். பறக்கிற விளையாட்டுச் சாமான் இல்லை. உள்ளே குடையாமல் முழுக்கட்டையில் செதுக்கி மேசையில் வைக்கிறது. பக்கவாட்டில் எடுத்த போட்டோ ஒன்றையும் நீள அகலத்தையும் தந்தார். நான் யோசிக்காமல் ஓம் என்றுவிட்டேன். மனுசன் என்னைப் பார்த்த பார்வையில் உளி தோற்றுப்போகும்.

முழுக்கட்டைக்குப் படம் கீறுவதென்றால் முதலில் ஒரு நடுக்கோடு. அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தோற்றம், மேல்தோற்றம், முன்தோற்றம் மூன்றும் ஒரே அளவில் வரவேணும். பிறகு, விமானத்தைப் பேக்கரிப் பாண் மாதிரித் துண்டு துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் எப்படி உருண்டிருக்கும் என்று பார்த்துக் கடதாசி மட்டையில் அச்சு வெட்ட வேணும். மனுசன் கட்டையைச் சீவிச் சீவி அந்த மட்டையை வைத்துப் பார்ப்பார். மட்டைக்கும் மரத்துக்கும் இடையில் வெளிச்சம் தெரியாவிட்டால் சரி.

பக்கத்தோற்றம் சரிவந்ததும் அவர் மலைவேம்புக் கட்டை ஒன்றை எடுத்து உடம்பைச் செதுக்கத் தொடங்கிவிட்டார். நான் மிச்சத்தையும் கீறி முடித்துப் போனில் படமெடுத்து அனுப்பினேன். ஐயா உடனே போன் எடுத்தார்.

"தங்கச்சி, நல்லாய்த்தான் இருக்கு. ஆனா மேல்தோற்றம் எண்டு எழுதிப்போட்டுச் சில்லையும் வயித்துக் கதவையும் கீறியிருக்கிறியள். மேலயிருந்து பாத்தா அது எப்பிடியம்மா தெரியும்?"

அவர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்தபிறகுதான் விளங்கியது. நான் ஒருநாளும் விமானத்தை மேலேயிருந்து பார்த்ததில்லை. பதுங்குகுழி வாசலில் மல்லாந்து கிடந்து பார்த்த வயிறுதான் எனக்குத் தெரிந்த விமானம். தலை மேல்தோற்றம் என்று சொல்ல, கை வயிற்றைக் கீறியிருக்கிறது.

மேலிருந்து எடுத்த படம் வேணும். போனில் சின்னதாய்த் தெரிகிறதில் அளவெடுக்கேலாது. கிளிநொச்சிக்குப் போய், பிறின்ற் எடுக்கிற கொமினிகேசன் கடையில் கேட்டேன். கடைக்காரப் பிள்ளை தேட, திரை நிறைய விமானங்கள். எனக்குப் பின்னால் நின்ற, தலைமயிர் ஒட்ட வெட்டின ஒருவர் மெதுவாய்க் கேட்டார்.

"விமானத்தை மேலயிருந்து பாத்து என்ன செய்யப் போறீங்க, அக்கா?"

"மரத்தில செய்யிறதுக்கு. என்ர மனுசன் ஓடாவி."

"எந்த ஊர்?"

சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் எத்தனைதரம் எழுதியிருப்பேன்!

மூன்றாம் நாள் காலை மோட்டச்சைக்கிளில் இரண்டுபேர் வந்தார்கள். சிவில் உடுப்பு, ஆனால் புலனாய்வுக்காரர் என்று பார்த்தவுடனே தெரியும். ஒருவர் பட்டறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மற்றவர் என் தாள்களை ஒவ்வொன்றாய்ப் போனில் பிடித்தார்.

"பயப்பட வேணாம், அக்கா. சும்மா விசாரிக்கிறது. நாளைக்கு ஒன்பது மணிக்கு ஐயா எங்கட ஒபிசுக்கு வரவேணும். இது எல்லாம் கொண்டு."

ஐயா என்றது என்ர மனுசனை. "சும்மா" என்ற சொல்லுக்கு எங்கட பக்கத்தில் இருக்கிற பாரம் வேறெங்கும் இராது. முதல்தரமும் அவரைச் சும்மா விசாரிக்கத்தான் கூட்டிக்கொண்டு போனவை.

அவர்கள் போனதும் தாள்களை வாரிக்கொண்டு குசினிக்கு ஓடினேன்.

"என்னப்பா செய்யிறீர்?"

"அடுப்பில போடுறன்."

"விசரே உமக்கு? படமெல்லாம் அவையின்ர போனில கிடக்கு. இருக்கிறதை எரிச்சாத்தான் களவு. தாரும் இஞ்ச."

அடுத்தநாள் அவர், பாதி செதுக்கின உடம்பை உடுத்துப் பழசான சாரத்தில் சுற்றி, மட்டைகளையும் தாள்களையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். நான் அரிசியைக் களைந்தேன். பிறகு பார்த்தால் களைந்த அரிசியையே திரும்பவும் களைந்துகொண்டு நிற்கிறேன். றோட்டால் போன ஒவ்வொரு பஸ்ஸுக்கும் படலைக்கு ஓடினேன். முன்வீட்டு அக்கா, "என்ன பிள்ளை, ஆரும் வருகினமோ?" என்றா. "ஓமக்கா" என்றேன்.

மூன்று மணிபோல வந்து இறங்கினார். பையை மேசையில் வைத்தார். சாரத்துக்குள் விமானம் இரண்டு துண்டாய் இருந்தது.

"இதுக்குள்ள என்ன வைக்கலாம் எண்டு கேட்டினம்" என்றார். "மோட்டர் வைக்கலாமோ, கமரா வைக்கலாமோ எண்டு. ஒண்டும் வைக்கேலாது, முழுக்கட்டை எண்டன். தட்டிப் பாத்தினம், காதில வைச்சுப் பாத்தினம். நம்பேல்லை. அப்ப, மரமறுக்கிற வாளொண்டு தாங்கோ எண்டன்."

"குடுத்தவையோ?"

"இரும்பு வெட்டுற வாள்தான் இருந்தது. அதால அவையின்ர மேசையில வைச்சு நானே அறுத்தன்."

பதினொரு நாள் வேலை. எனக்குத் தெரியாதமாதிரி நானும் கேட்டேன், "உள்ளுக்கு என்ன இருந்தது?"

"மரம்." சிரித்தார். "அவையின்ர பெரியவர் ஒரு பாதியை மணந்து பாத்திட்டு, நல்ல மரம் எண்டார். போங்க, தேவையெண்டாக் கூப்பிடுவம் எண்டார்."

தேவையென்றால். முடிந்தது என்று ஒருதரும் சொல்லவில்லை.

கொழும்பு ஐயாவுக்கு ஏலாது என்று சொல்லப் போனை எடுத்தேன். மனுசன் என் கையைப் பிடித்தார்.

"வேண்டாம். இப்ப விட்டா, ஏன் விட்டனீங்கள் எண்டு கேப்பினம். செய்வம். ஆனா நடுக்கோட்டால இரண்டாய்ப் பிளந்து செய்யிறன். உள்ளுக்கு இரண்டு மர ஆணி. இழுத்தாக் கழலவேணும். நீர் அதுக்கு ஏத்தமாதிரிக் கீறும்."

"அப்ப அது முழுக்கட்டை இல்லையே. ஐயா கேட்டது..."

"ஐயாவுக்கு நான் சொல்லுறன். ஆரும் கேட்டாத் திறந்து காட்டலாம். ஒவ்வொருதரமும் அறுக்கேலாதப்பா."

புதுத்தாளை விரித்து நடுக்கோட்டைக் கீறினேன். ஆணி வருகிற இரண்டு இடத்தையும் குறித்து, "இது கழலும், உள்ளே மரம் மட்டும்" என்று பக்கத்தில் எழுதினேன். முதலில் தமிழில். அதற்குக் கீழே, போனைப் பார்த்து எழுத்து எழுத்தாய்ச் சிங்களத்தில்.