காலி வண்டியின் நடுக்கம்

இரத்தினபுரி கிளினிக்கிலிருந்து வீடு திரும்பிய ஒரு மாலை, என் மனைவி கெப் வண்டியை விட்டு இறங்காமல் கதவைப் பிடித்தபடி சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்: "இனிமே நான் வரலிங்க. ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம். வீட்லயே கெடக்குறேன்."

அதைக் கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. அவள் களைப்பில் சொன்னாள்.

நோய் அவளுடைய முதுகெலும்பு வரை வந்திருந்தது. மாதம் ஒரு முறை நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அது நோயைத் தீர்க்காது, எலும்பு நொறுங்குவதையும் வலியையும் கொஞ்சம் தள்ளிப்போடும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அந்தக் கொஞ்சத்தை விட்டுவிட நான் தயாராக இல்லை. அவளை வதைத்தது வழியெல்லாம் வண்டியில் இருந்த நடுக்கம். அடுத்த கிளினிக் நாளுக்குள் அதைப் போக்கினால் அவள் வருவாள், போக்காவிட்டால் வரமாட்டாள். அவளை எனக்குத் தெரியும்.

எங்கள் வீடு கலவானைப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனையும் தாண்டி இருக்கிறது. அந்தப் பாதையில் கார் ஏறினால் அடிப்பாகம் கல்லில் உரசும். திரீவீலரை நினைத்தே பார்க்க முடியாது. மிஞ்சியது என் பழைய கெப்தான். முன்னால் இரண்டு ஆசனம், பின்னால் திறந்த பெட்டி. தோட்ட ஆபீசில் கிளார்க் வேலையை விட்ட பிறகு, சிறு தோட்டக்காரர்களின் தேயிலைக் கொழுந்தைச் சேர்த்துத் தொழிற்சாலைக்கு ஏற்றுவதற்காக வாங்கியது.

பெரிய ரோட்டில் வேகம் நாற்பதைத் தாண்டியதும் அந்த நடுக்கம் தொடங்கும். சத்தம் பெரிதாக இருக்காது. தையல் மெஷின் வைத்த மேசையில் கையை ஊன்றினால் தெரியுமே, அப்படி ஒரு அதிர்வு. ஐம்பதுக்கு மேல் போனால் கூடும். மெதுவாகவே ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். ஓட்டினேன். பயணம் இரண்டு மடங்கு நீண்டது. அத்தனை நேரம் நிமிர்ந்து உட்காருவதும் அவளுக்கு வலிதான்.

எதையும் ஒழுங்காகச் செய்வது என் சுபாவம். முதலில் அவளிடம்தான் கேட்டேன். ஸ்டீரிங் ஆடினால் கோளாறு முன்னால், ஆசனம் ஆடினால் பின்னால் என்பது பொது விதி.

"என் முதுகக் கேளுங்க, சரியாச் சொல்லும்," என்றாள். "சீட்டுக்கு அடியில இருந்துதான் வருது. கால் வைக்கிற எடத்துல ஒண்ணும் இல்ல."

பின் டயர்களை முன்னுக்கும் முன் டயர்களைப் பின்னுக்கும் மாற்றிப் பார்த்தேன். நடுக்கம் இடம் மாறவில்லை. ஆக, சக்கரத்தில் குற்றமில்லை. ஓடும்போது கியரை நியூட்ரலில் போட்டு உருளவிட்டேன். அப்போதும் அப்படியே இருந்தது. ஆக, எஞ்சினிலும் இல்லை. மிச்சம் இருப்பது கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட ஷாப்ட்டும் அதன் மூட்டுகளும்தான். நிவித்திகலையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். குரோஸ் ஜொயின்ட் என்ற அந்த மூட்டுகளை மாற்றினோம். ஓட்டிப் பார்த்தேன், பயனில்லை. பிறகு ஷாப்ட்டை நடுவில் தாங்கும் பெயாரிங்கை மாற்றினோம். அதுவும் பயனில்லை. பின் அச்சின் டிப்ரன்ஷியல் ஒயிலை வடித்துப் பார்த்தோம். இரும்புத் தூள் இல்லை, உள்ளே தேய்மானம் இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றினேன், இல்லாவிட்டால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். ஆனால் இதற்கெல்லாம் நாள் பிடித்தது. கிளினிக் நெருங்கிக்கொண்டே வந்தது.

ஒவ்வொரு மாலையும் அவள் படுக்கையிலிருந்தே கேட்பாள்.

"இன்னைக்கி எந்த உறுப்ப அறுத்தீங்க?"

சொல்வேன். "பாவம் வண்டி," என்பாள்.

ஒரு மாலை, வழக்கமான கேலி எதுவும் இல்லாமல், கூரையைப் பார்த்தபடி அவள் சொன்னாள்: "ரத்தினபுரில உர மூட்ட ஏத்திக்கிட்டு வந்தீங்களே ஒரு தடவ, அன்னைக்கி இந்த ஆட்டம் இல்லிங்க. நான் வீடு வரைக்கும் தூங்கிட்டு வந்தேன்."

எனக்கு அது நினைவில்லை. வலிக்காத நாளை நினைவில் வைத்திருந்தது அவள்தான்.

மறுநாள் கொழுந்து ஏற்றியபடியே பெரிய ரோட்டில் ஐம்பதுக்கு மேல் ஓட்டினேன். நடுக்கம் இல்லை. இறக்கிவிட்டு அதே ரோட்டில் ஓட்டினேன். வந்துவிட்டது. தொழிற்சாலையிலிருந்து காலியாகத் திரும்பும் நேரமெல்லாம் மேட்டுப் பாதை. நாற்பதை எட்டவே முடியாது. அதனால்தான் இத்தனை வருடமும் எனக்கு அது தெரியவில்லை. காலி வண்டியில் பெரிய ரோட்டில் நான் போகத் தொடங்கியதே அவளுடைய நோய்க்குப் பிறகுதான்.

மெக்கானிக்கிடம் சொன்னேன். அடியில் புகுந்து பார்த்தார். "மாத்தயா, மே லெடக் நெவெய்," என்றார். இது நோயில்லையாம். சிங்களத்தில் வண்டியின் கோளாறையும் நோய் என்றுதான் சொல்வார்கள். கொழுந்துச் சுமை தாங்குவதற்காகப் பின் ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டை போட்டிருந்தேன். இந்தப் பக்கத்தில் கொழுந்து ஏற்றும் எல்லாரும் போடுவதுதான். அதனால் காலி வண்டியின் பின்பக்கம் தூக்கி நிற்கிறது. ஷாப்ட் போய்ச் சேரும் கோணம் கோணலாகி, சுழலும்போது உதறுகிறது. சுமை ஏறினால் பின்பக்கம் அமுங்கி, கோணம் சரியாகிவிடுகிறது. அச்சுக்கு மேல் ஆப்புத் தகடு வைத்தால் காலி வண்டிக்குச் சரியாகும், சுமை ஏற்றினால் கெடும். பட்டைகளைக் கழற்றலாம், ஆனால் பிறகு கொழுந்து ஏற்ற முடியாது.

கழற்றிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

"கழட்டிட்டு கொழுந்த தலையிலயா சொமப்பீங்க?" என்றாள். "வண்டி ஓடலன்னா நாம என்னாத்த திங்கிறது? அதுக்கு வேண்டியது சும. அவ்வளவுதானே?"

"அப்ப மண்ணு மூட்டை ஏத்துறேன்."

"மண்ணு எதுக்கு? கிளினிக் அன்னைக்கி விடிய முந்தி சந்தியில எத்தன சனம் பஸ்ஸுக்குக் காஞ்சிக்கிட்டு நிக்கிது. அதுங்கள ஏத்துங்க."

அவள் வரச் சம்மதித்தது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

கிளினிக் அன்று காலை தூறல். சந்தியில் சிலர், ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தடியில் சிலர், கீழே பாலத்தடியில் சிலர். சீனி நோய்க்காரர்கள், முழங்கால் வலிக்காரர்கள், கால் புண்ணுக்குத் துணி சுற்றியவர். விசயத்தை ஒளிக்காமல் சொன்னேன். கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா, பெட்டியில் ஏறிக்கொண்டே குரல் கொடுத்தார்.

"கேட்டீங்களாடி? ஆபீஸ்ல இருந்தப்ப கொழுந்துல தண்ணி இருக்குன்னு சொல்லிச் சொல்லி கிலோ கழிச்ச மனுசன். இன்னைக்கி நம்ம கனம் பத்தலியாம்!"

"கிளாக்கரய்யா, நான் நனைஞ்சிதான் நிக்கிறேன். தண்ணிக்கு எவ்வளவு கழிப்பீங்க?" என்றார் இன்னொருவர்.

பெட்டியே சிரித்தது. முன்னாசனத்தில் என் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு முதுகு வலிக்கும். தார்ப்பாயை அவர்கள் தலைக்கு மேல் இழுத்துக் கட்டினேன். பொலிஸ் மறித்தால் சொல்வதற்குச் சிங்களத்தில் ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன், தேவைப்படவில்லை. இரத்தினபுரி வரை வண்டி தண்ணீரில் போவதுபோல் போனது.

திரும்பும்போதுதான் நான் யோசிக்காமல் விட்டது தெரிந்தது. பாலத்தடியில் சிலர் இறங்கினார்கள். கொஞ்ச தூரத்தில் ஆசனத்துக்கு அடியில் இலேசாக ஆரம்பித்தது. லயத்தடியில் இன்னும் சிலர் இறங்கியபின் அது முழுதாக வந்துவிட்டது. மனைவி இரண்டு கைகளாலும் ஆசனத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். வேகத்தைக் குறைத்தேன். சந்தி வந்ததும், மிஞ்சியிருந்தவர்கள் இறங்குவதற்காக நிறுத்தினேன். அந்த அம்மா ஒரு காலை வெளியே வைத்தவர், பக்கக் கண்ணாடியில் என் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"நாங்க எறங்கல. ஓட்டுங்க."

"மேலே போய்ட்டு எப்பிடி வருவீங்க? இருட்டப் போகுது."

"கால் இல்லியா எங்களுக்கு? ஓட்டுங்கய்யா. நாங்க மூட்டதானே, மூட்ட பேசாது."

காலையிலிருந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அலுத்தவர்கள். தங்கள் சந்தியைத் தாண்டி எங்கள் வாசல் வரை வந்தார்கள். மேட்டுப் பாதையின் குலுக்கலை அவர்களுடைய கனம் பாதியாக்கியது. அவளை இறக்கிப் படுக்கவைத்துவிட்டு, அவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். நடந்தே போவதாகத்தான் சொன்னார்கள், நான் விடவில்லை.

அதன் பிறகு எல்லாக் கிளினிக்குக்கும் அவள் வந்தாள். திரும்பும்போது யாரும் வழியில் இறங்கவில்லை. எல்லாரும் எங்கள் வாசல் வரை வந்து, அவள் உள்ளே போனபிறகு என் வண்டியிலேயே கீழே போவார்கள். யாரும் அதை ஒரு ஏற்பாடாகப் பேசவில்லை. மருந்து டாக்டர் சொன்னதைத்தான் செய்தது, அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. மழைக்காலத்தில் ஒரு பகலில், வீட்டில், அவள் இறந்தாள்.

மாதம் முடிந்து கிளினிக் நாள் வந்தபோது, சந்தியில் அவர்கள் நிற்பார்கள் என்ற நினைப்பு வந்தது. போனேன். நின்றார்கள். முன்னாசனத்தில் ஏறச் சொன்னேன், யாரும் ஏறவில்லை. இப்போதும் மாதா மாதம் போகிறேன். போகும்போது பேச்சு குறைவு.

அவள் இல்லாத அந்த முதல் மாதம், திரும்பும் வழியில் பாலத்தடியில் ஒருவரும் இறங்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் போனேன்.

"வீடு வரைக்கும் வாறோமே கிளாக்கரய்யா," என்றார் அந்த அம்மா.

"வேணாம். எறங்குங்க. உங்க வீட்ல பாத்துக்கிட்டு இருப்பாங்க."

இறங்கினார்கள். லயத்தடியிலும் இறங்கினார்கள், சந்தியிலும் இறங்கினார்கள். சந்திக்கும் எங்கள் திருப்பத்துக்கும் இடையில் கொஞ்ச தூரம் சமமான ரோடு இருக்கிறது. அங்கே நாற்பதைத் தாண்டியதும் அது வந்தது. ஸ்டீரிங்கில் ஒன்றுமில்லை. ஆசனத்துக்கு அடியில்தான், அவள் சொன்ன அதே இடத்தில். வேகத்தைக் குறைக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லாததால், திருப்பம் வரை அப்படியே ஓட்டினேன்.