சித்தப்பாவின் இடது தோள்

உலகத்தைப் படைத்தவர் மலைகளை வெட்டிய நேரத்தில் எங்கள் சித்தி மட்டும் பக்கத்தில் குண்டூசி டப்பாவோடு உட்கார்ந்திருந்தால், இன்றைக்கு ஒரு மலைகூடக் கோணலாக இருக்காது. எல்லாம் ஒரே அச்சில், தையலுக்கு அரை இஞ்ச் விட்டு, பாந்தமாக நின்றிருக்கும்.

இத்தனைக்கும் சித்தி தையல்காரி இல்லை. மருந்துக்கடையில் பில் போடுகிறவள். ஆனால் வீட்டில் எந்தத் துணி நன்றாக அமைந்தாலும் ஒரு தையலைக்கூடப் பிரிக்காமல் நகலெடுத்துவிடுவாள். மேசையில் கம்பளி, அதன்மேல் பழைய பேப்பர், அதன்மேல் துணி. தையல் ஓடுகிற வழியெல்லாம் குண்டூசியால் குத்திக்கொண்டே போவாள். துணியை எடுத்தால் பேப்பரில் எறும்பு ஊர்வலம் மாதிரி ஓட்டைகள். அதைப் பென்சிலால் சேர்த்தால் பேட்டர்ன் தயார். அதிலும் பாதிச் சட்டையைத்தான் குத்துவாள். பேப்பரை மடித்து வெட்டினால் மறுபாதி தானாக வந்துவிடும்.

"கடவுள் மனுஷனுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே வெச்சிருக்கான்?" என்பாள்.

சித்தப்பாவைக் கட்டிக்கொண்டவள் பேசுகிற பேச்சா இது!

சித்தப்பா வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவர். இருபது வருஷமாகக் கேனை ஏற்றி ஏற்றி இடது தோள் இரண்டு விரல் இறங்கிவிட்டது. அதனால் எல்லாப் போட்டோவிலும் ஒருக்களித்தே நிற்பார், யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி. வெள்ளிக்கிழமை அவர்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம். அன்றைக்கு ஸ்டுடியோவில் எடுக்கிற போட்டோவிலாவது அவர் நேராக நிற்கவேண்டும் என்பது சித்தியின் ஆசை. அவர் உடம்போடு சண்டை போடாத சட்டை ஒன்றே ஒன்றுதான். எப்போதோ ஒரு தையல்காரர் அவருக்கு அளவெடுத்துத் தைத்த, காலர் நைந்த நீலச் சட்டை. அதை நகலெடுத்தாள். வழக்கம்போல் பாதிதான், வலது பாதி.

புதன்கிழமை பூப்போட்ட பழைய பெட்ஷீட்டில் ஒத்திகைச் சட்டை தைத்துச் சித்தப்பாவுக்கு மாட்டிவிட்டாள். இடது பக்கம் தொய்ந்து, உள்ளே பூனைக்குட்டி படுத்த மாதிரி புடைத்தது.

"ஏம்மா, இதுக்குள்ள இன்னொருத்தன் இருக்கானா?"

"நேரா நில்லுங்க!"

"நான் நேராத்தான் நிக்கறேன். சட்டைதான் உக்காந்திருக்கு."

அந்த வீட்டில் தங்கிப் படிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் சித்தியின் அக்கா மகள் கட்டிலில் புரண்டு சிரித்தாள். "சித்தி, கேமராவைச் சாய்ச்சு வெக்கச் சொல்லிடலாம்!"

சித்தி சிரிக்கவில்லை. பேப்பரைத் தடவித் தடவிப் பார்த்தாள். கோடெல்லாம் சரி. இந்த மனுஷனுக்கு எதைப் போட்டாலும் இப்படித்தான் என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மருந்துக்கடையில் மாத்திரை அட்டையை எண்ணும்போது அவளுக்குப் பளிச்சென்று பொறி தட்டியது. வீட்டுக்கு ஓடிவந்தாள். நீலச் சட்டையின் இடது பாதியைத் தனியாகக் குத்தினாள். இரண்டு பாதிக்கும் சரியாக இரண்டு விரல் வித்தியாசம்! விளக்கு வைப்பதற்குள் புதுச் சட்டை தைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சித்தப்பா தூண் மாதிரி நின்றார். ஸ்டுடியோக்காரர், "கொஞ்சம் சாஞ்சு நில்லுங்க சார், அழகா இருக்கும்" என்றார்.

"முடியாது" என்றார் சித்தப்பா.

அக்கா மகள் இந்தக் கதையை இதுவரை எழுதியபோது பின்னாலிருந்து ஒரு கை நோட்டைப் பிடுங்கியது. சித்தி முழுவதையும் படித்தாள்.

"யாருக்குடி பொறி தட்டுச்சு?"

"உனக்குத்தான்."

"நான் வந்தப்பவே இடது பாதி மேசைமேல ரெடியா இருந்துச்சு."

"எலி கிலி குத்தியிருக்கும்."

சித்தி அந்தப் பேப்பரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "ஓட்டை எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு பாரு. நான் குத்தினா இந்தப் பக்கம் சாயும். இது அந்தப் பக்கம். இந்த வீட்ல இடது கைக்காரங்க எத்தனை பேரு?"

அக்கா மகள் பேனாவை மெதுவாக வலது கைக்கு மாற்றினாள்.

"பொறி தட்டினதை அடிச்சிடு" என்று சித்தி நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "அந்த மலை விஷயம் மட்டும் அப்படியே இருக்கட்டும்."