பௌர்ணமிக்குச் சாத்தாத கேட்

பௌர்ணமி அன்று எங்கள் வீட்டு கேட்டைச் சாத்துவதில்லை. அடி அண்ணாமலையில் மலை சுற்றும் பாதையை ஒட்டி வீடு இருக்கிற பலரும் அப்படித்தான். வாசலில் தண்ணீர் டிரம் இருக்கும், அதன் மேல் ஒரு எவர்சில்வர் சொம்பு. நடந்து வருகிறவர்கள் உள்ளே வந்து குடிப்பார்கள், முகம் கழுவுவார்கள். கைக்குழந்தைக்காரிகள் முன்னறையில் உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். அன்றைக்குக் கேட்டைச் சாத்தினால் வீட்டுக்கு ஆகாது என்பார் என் மாமியார். கல்யாணமாகி வந்த முதல் பௌர்ணமியில் பழக்கதோஷத்தில் கொக்கி போட்டுவிட்டேன். "அண்ணாமலையாருக்கே கொக்கி போட்டியா நீ?" என்று சிரித்துக்கொண்டே வந்து திறந்தார்.

அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று யோசித்துப் பார்க்கிறேன். சரியாகச் சொல்ல முடியவில்லை.

முதலில் சின்ன விஷயங்கள்தான். ஒரே குழம்புக்கு இரண்டு தடவை உப்பு. காலையில் பேசியதையே மத்தியானம் புதிதாகப் பேசுவது. வயதாகிறது என்று விட்டுவிட்டேன். எனக்கும் கவனிக்க நேரம் இல்லை. பி.எட். இரண்டாம் வருஷம், பாடக்குறிப்பு எழுதுவது, சார்ட் ஒட்டுவது, நாலு வயதுப் பெண்ணைக் குளிப்பாட்டிச் சாப்பிட வைப்பது என்று நாள் ஓடியது. கணவர் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறார், வாரத்துக்கு ஒருமுறை வருவார். ஒருநாள் காலை துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தால், சமையலறை முழுக்கப் புகை. தண்ணீர் இல்லாத குக்கர் அடுப்பில் கருகிக்கொண்டிருந்தது. அத்தை அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். "யாரு வூட்லயோ இன்னாவோ தீயுது பாரு" என்றார் என்னிடம்.

டாக்டர் மறதி நோய் என்றார். "ஜாஸ்திதான் ஆவும், கம்மி ஆவாது. தனியா விடாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அதே சமயத்தில்தான் கணவரும் போனில் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார். கான்ட்ராக்ட் ஆட்களைக் குறைக்கிறார்களாம். அவர் லைனில் ஏற்கெனவே இரண்டு மெஷின்கள் ஓடவில்லை. "உனக்கு எப்ப முடியுது படிப்பு?" என்று கேட்பார். போன வாரமும் அதைத்தான் கேட்டார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

படிப்பு முடிந்தால் வேலை கிடைத்துவிடும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குக் காரணம் ஒரு துணிக்கடை. தேரடித் தெருவில் பெண்ணுக்கு கவுன் எடுக்கப் போயிருந்தேன். புடவைப் பிரிவில் நின்ற பெண் என்னையே பார்த்தாள். கல்லூரியில் எனக்கு முந்தைய செட். எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் பாடம் நடத்துவாள் என்று பேராசிரியர் சொல்லிக்கொண்டே இருப்பாரே, அந்த அக்கா.

"நீயும் மேத்ஸ்தான?" என்றாள்.

"ஆமாங்க்கா. நீங்க இங்க..."

"நானும் மேத்ஸ்தான். எப்டி மடிச்சா எத்தினி மடிப்புனு கேளு, சொல்றேன்." சிரித்தாள். பக்கத்தில் இருந்தவளும் சிரித்தாள். சூப்பர்வைசர் திரும்பியதும் இருவரும் புடவையைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பஸ்ஸில் வீடு திரும்பும்போது என் கை பையிலிருந்த கவுனை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே இருந்ததை, பக்கத்து சீட்டுக்காரர் பார்த்த பிறகுதான் கவனித்தேன்.

அதனால் வேங்கிக்கால் பக்கம் ஒரு தனியார் பள்ளியிலிருந்து டெமோ வகுப்புக்குக் கூப்பிட்டபோது, எப்படியாவது இதைப் பிடித்துவிட வேண்டும் என்று இருந்தது. கல்லூரி வகுப்புகள் முடிந்து பரீட்சை மட்டும்தான் பாக்கி. அதை எழுதிக்கொண்டே வேலைக்கு வரலாம், பெண்ணையும் அங்கேயே எல்.கே.ஜி.யில் சேர்க்கலாம் என்றார்கள். அவர்கள் சொன்ன நாள் பௌர்ணமி. வேறு நாள் கேட்கலாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வீட்டில் தொந்தரவு உள்ள பெண் என்று நினைத்துவிட்டால்? கேட்கவில்லை.

அந்தத் தடவை திதி காலையிலேயே பிறந்துவிட்டது. நான் புடவை கட்டிக்கொண்டிருக்கும்போதே பாதையில் கூட்டம் போக ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் சுக்கு காபிக் கடை போட்டிருந்தார். பெண்ணை அவரிடம் விட்டேன்.

"அத்தையையும் ஒரு கண்ணு பாத்துக்கோங்க்கா."

"நீ போம்மா. உங்க அத்த எங்க போவப் போறாங்க? நல்லா செஞ்சிட்டு வா. டீச்சராய்ட்டன்னா மொதல்ல எனக்குக் கணக்கு சொல்லிக்குடு. சில்லற கேட்டுச் சாவடிக்கறானுங்க."

அத்தை முன்னறையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். போய்ட்டு வரேன் அத்தை என்றேன். நல்லபடியா வா என்றார். தெளிவாகத்தான் சொன்னார். வெளியே வந்து கேட்டில் கை வைத்தேன். ஆணியில் பூட்டு தொங்குவது தெரிந்தது. ஒரு கிழவர் தண்ணீர் குடிக்க உள்ளே வந்துகொண்டிருந்தார். கையை எடுத்துவிட்டேன்.

டெமோ நன்றாக நடந்தது. ஆறாம் வகுப்புக்குப் பின்னம் எடுத்தேன். ஒரு தோசையை நாலு பேர் பங்கு போடுகிற கதையில், ஐந்தாவதாக ஒரு மாமா வந்துவிட்டார் என்றதும் பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் இருந்த தலைமை ஆசிரியை தலையசைத்தார். சாயந்திரத்துக்குள் போன் செய்வதாகச் சொன்னார்.

வெளியே வந்தபோது மூன்று மணி இருக்கும். வேங்கிக்காலிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஈசானிய லிங்கம், குபேர லிங்கம் வழியாக வருவதுதான் கிட்டே. ஆனால் அன்று அந்தப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். நடக்கலாம். நடந்தால் மலை இடப்பக்கம் வரும், கூட்டம் முழுவதும் எதிரே வரும். மற்ற நாளில் ஸ்கூட்டரில் எப்படியும் போகிறோம், யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. பௌர்ணமி அன்று, சுற்றுகிறவர்களுக்கு எதிராக நடக்க எனக்குக் கால் வரவில்லை. ஒரு வேலை அமைகிற நேரத்தில் அதை ஏன் செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஆட்டோ பிடித்து, வெளிவட்டச் சாலை வழியாகச் சுற்றி, வயல் பக்கமாக ஊருக்குள் இறங்கினேன்.

எதிர்த்து நடந்திருந்தால் அத்தையை வழியிலேயே பார்த்திருப்பேன். இதை எத்தனை தடவை நினைத்துவிட்டேன்.

வீடு திறந்து கிடந்தது. முன்னறையில் யாரோ ஒரு குடும்பம் பாய் விரித்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. "வாங்க, உக்காருங்க" என்றார்கள் என்னை. பூண்டுத் தட்டு அப்படியே இருந்தது. பின்கட்டிலும் இல்லை, குளியலறையிலும் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா காபி ஆற்றிக்கொண்டிருந்தார். என் பெண் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அத்த எங்கக்கா?"

"அவங்க அப்பவே மலை சுத்தப் போய்ட்டாங்களே. நல்லா பச்சப் புடவ கட்டி, விபூதி வெச்சிக்குனு போனாங்க. நான்கூட கையெடுத்துக் கும்புட்டேன்..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியது. "ஐயோ. எனக்குத் தோணவே இல்லியேம்மா."

யாருக்குத் தோன்றும்? வேறு ஊரில், ஒரு வயதான பெண்மணி செருப்பில்லாமல், கையில் ஒன்றுமில்லாமல், எங்கேயோ பார்த்தபடி தனியாகச் சாலையில் நடந்தால் யாராவது நிறுத்தி விசாரிப்பார்கள். இங்கே அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் நடக்கிறார்கள்.

கூட்டத்தோடு நடந்தேன். போகிற கூட்டத்தில் பின்னாலிருந்து தேடினால் முதுகுகள்தான் தெரியும். எத்தனை நரைத்த கொண்டைகள், எத்தனை பச்சைப் புடவைகள். ஒவ்வொருவரையும் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தேன். ஒலிபெருக்கியில், சிவப்புச் சட்டை போட்ட ஐந்து வயதுக் குழந்தை உதவி மையத்தில் அழுதுகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். நானும் போய்ச் சொல்லலாமா? பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அது தன் பெயர் என்று அத்தைக்குத் தெரியுமா?

குபேர லிங்கம் வந்துவிட்டது. அங்கே அடைசலாக நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். தேடாமல் எத்தனை பேரைத் தாண்டி வந்தேனோ. ஓரத்துக் கடைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாரோ. பக்கத்திலேயே காட்டு வேலி. வேலியைத் தாண்டினால் மலை.

திரும்பி எதிராக நடக்க ஆரம்பித்தேன். வேறு வழி தெரியவில்லை. முகம் முகமாக எதிரே வந்தது. விலகிப் போகச் சொல்லிக் கைகள் தள்ளின. ஒரு அம்மாள் நின்றேவிட்டார்.

"படிச்ச பொண்ணு மாதிரி கீற. மலைய எதிர்த்து நடக்கறியே, குடும்பத்துக்கு ஆவுமா?"

போன் அடித்தது. அத்தையை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று எடுத்தேன். பள்ளியின் தலைமை ஆசிரியை.

"உங்க கிளாஸ் எல்லாருக்கும் பிடிச்சிருக்கும்மா. திங்கட்கிழமைலேர்ந்து வந்துடுங்க. இப்பவே சொல்லிடுங்க, இன்னொருத்தங்க வெயிட் பண்றாங்க. நடுவுல லீவு கேக்கக் கூடாது. வீட்ல பெரியவங்க இருக்காங்கல்ல?"

எதிரே ஒரு முகம், அடுத்து ஒரு முகம், அடுத்து ஒன்று.

"இருக்காங்க மேடம்" என்றேன். "வந்துடறேன்."

போனைப் பையில் போட்டுவிட்டு நிமிர்ந்தால், பாதையின் உள்பக்க ஓரத்தில் அத்தை வந்துகொண்டிருந்தார். சித்தர்கள் நடக்கும் பக்கம் என்று மற்றவர்கள் ஒதுங்கி விடுகிற ஓரம். அங்கே அவர் மட்டும் தனியாக. முந்தானை தரையில் இழுபட்டது. குதிகாலில் ரத்தம் காய்ந்திருந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். என்னை நன்றாகப் பார்த்தார்.

"ஏம்மா, அடி அண்ணாமலைக்கு இன்னும் எவ்ளோ தூரம்?"

"அங்கேர்ந்துதான் வரீங்க அத்த. இப்டித் திரும்பினா வூடு வந்துடும். வாங்க."

"எதிர்ல போவக் கூடாது." கையை உதறினார். அவ்வளவு பலம் அவரிடம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "இப்டியே போனா வரும்ல?"

"வரும்" என்றேன். "சுத்தி வரும்."

அவரைத் திருப்ப முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஈசானிய லிங்கம்வரை கூட்டத்தோடு நடந்தேன். அங்கே தடுப்புக்கு வெளியே ஆட்டோ கிடைத்தது. வழி நெடுக அத்தை என் விரல்களை விடவே இல்லை. நீ யார் என்று கேட்கவும் இல்லை.

அன்று கணவரிடம் இரண்டையும் சொன்னேன். முதலில் வேலையைச் சொன்னேனா, அத்தையைச் சொன்னேனா என்பது இப்போது நினைவில்லை. வேலையைத்தான் சொல்லியிருப்பேன் என்று பயமாக இருக்கிறது.

"சேந்துடு" என்றார். "இங்க லிஸ்ட்டு ஒட்டிட்டாங்க. இந்த மாசத்தோட சரி." பிறகு, "நான் வேற எடம் பாத்து செட்டில் ஆவற வரைக்கும் அம்மாவ எப்டியாவது..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை சேர்ந்தேன். காலையில் அத்தைக்கு ஊட்டிவிட்டு, கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு, பெண்ணை அழைத்துக்கொண்டு, கேட்டைப் பூட்டிக் கிளம்புவேன். மாற்றுச் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கும். மத்தியானம் திறந்து சாதம் போட்டுவிட்டு வருவார். அத்தை நான் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சரியாகிவிட்டது என்றுகூட சில நாள் நினைத்தேன்.

அடுத்த பௌர்ணமியும் வேலை நாளில் வந்தது. வாசலில் வழக்கம்போல டிரம்மை நிரப்பி, கேட்டுக்கு வெளியே இழுத்து வைத்தேன். பூட்டை எடுத்தபோது பக்கத்து வீட்டு அக்கா கடையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"இன்னிக்கா? வேற நாளு பூட்டிக்கோம்மா. இன்னிக்கு வேணாம்."

"இன்னிக்குத்தான்க்கா பூட்டணும்."

அவர் என் பெண்ணின் கன்னத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். நான் பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன். சாவியைப் பையில் போட்டேன்.

அப்போதுதான் அத்தை வந்து கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் விபூதி இருந்தது. எப்போது வைத்துக்கொண்டாரோ. என் பின்னால் போகிற கூட்டத்தைப் பார்த்தார், பிறகு என்னை.

"ஏம்மா" என்றார். குரலைத் தணித்து, உள்ளே யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "இந்த வூட்ல ஒரு பொண்ணு இருக்கு. டீச்சருக்குப் படிக்குது. நல்ல பொண்ணுதான். அதைப் பாத்தா, கேட்டைத் தொறக்கச் சொல்லு."

"சொல்றேன்" என்றேன்.

என் பெண் என்னை அண்ணாந்து பார்த்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பாதையில் இறங்கினேன். வேங்கிக்காலுக்குப் போக அன்று கூட்டத்தோடேயே நடக்கலாம், மலை வலப்பக்கம்தான். பின்னால் கம்பி ஆடுகிற சத்தம் கொஞ்ச தூரம்வரை கேட்டது. எதிர்ச்சாரியில் ஒரு கடைக்காரர் என்னையும் குழந்தையையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மலை சுற்றப் போகிறோம் என்று நினைத்திருப்பார்.