மேசைக்கு எதிர்ப்பக்கம்

பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்த அந்தக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கேள்வித்தாளை வாங்கிய அக்கா அதை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டார். டீச்சர் வந்து நேராக வைத்துவிட்டுப் போனார். அக்கா மறுபடியும் திருப்பினார். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக அரசாங்கம் நடத்திய தேர்வு அது. ஞாயிற்றுக்கிழமை காலை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அக்கா எனக்கு உறவில்லை. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் பதினோரு வருடம் ஒரே மேசையில் வேலை செய்தோம். பதனிட்டு முடித்த தோலை மேசையில் விரிப்போம். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். ஓட்டை, தழும்பு, உண்ணி கடித்த புள்ளி எல்லாவற்றையும் சாக்பீஸால் வட்டமிட்டுத் தரம் பிரித்து அடுக்குவோம். அவர் பேசுவார், நான் கேட்பேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. படிப்புக் குறைவு என்பதாலோ பிறவியிலேயே அப்படியோ, நாலு பேர் முன்னால் எனக்கு வாய் எழாது.

அக்காவின் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகக் கோளாறு. மாதம் ஒருமுறை வேலூரில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். இருவருக்குமே படிக்கத் தெரியாது. ஒருமுறை வழியில் போன யாரோ கைகாட்டியதை நம்பி வேறொரு வரிசையில் மதியம் வரை உட்கார்ந்திருக்கிறார்கள். உண்மை தெரிந்து ஓடியபோது டாக்டர் போய்விட்டார். “அவரு என்னை ஒண்ணும் சொல்லல தம்பி. அதான் பேஜாரா இருந்துச்சு. திட்டியிருந்தா பரவால்ல” என்றார் மறுநாள். யாரையும் கேட்காமல் அவரை அங்கே கூட்டிப்போய் வர வேண்டும் என்ற ஒரே எண்ணம் அன்றைக்கு அவர் மனதில் விழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆரம்பப்பள்ளித் தலைமையாசிரியை கம்பெனி வாசலுக்கு ஒரு நோட்டோடு வந்தார். எங்கள் வட்டாரத்தில் இனி ஒருவர்கூடக் கைநாட்டு வைக்கக்கூடாது, அரசாங்கமே புத்தகம் கொடுத்துச் சொல்லித்தருகிறது என்றார். அக்கா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். ஆனால் வகுப்பு சாயங்காலம் ஐந்து மணிக்கு. எங்களுக்கு வேலை முடியவே ஆறரை ஆகும். “மதியத்துல யாராவது சொல்லிக்குடுப்பீங்களா?” என்று டீச்சர் கேட்டார். அக்கா என்னைக் காட்டினார். “இவரு பேப்பரெல்லாம் படிப்பாரு டீச்சர். வாயைத்தான் தொறக்க மாட்டாரு.” மறுத்துப் பேசக் கூச்சப்பட்டே நான் தன்னார்வலன் ஆனேன்.

புத்தகம் ஒன்றுதான். சாப்பாடு முடிந்ததும் அதே மேசையில் உட்காருவோம், எப்போதும் நிற்கும் அதே இடங்களில். ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார எனக்கு மனம் வரவில்லை. புத்தகம் என் பக்கம் பார்த்து இருக்கும். நான் எழுத்தின்மேல் விரலை வைத்துச் சொல்வேன். அவர் திருப்பிச் சொல்வார். பிறகு மேசைமேலேயே சாக்பீஸால் எழுதிக்காட்டுவார். என் பக்கமிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். மூன்று மாதத்தில் சொற்களைக் கூட்டிப் படித்தார். எனக்கே பெருமையாக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் கற்றுக்கொண்ட ஒவ்வோர் எழுத்தும் தலைகீழ். எழுதியதும் அப்படியே, வலது பக்கத்திலிருந்து.

“பேப்பரையே நேரா புடிக்கத் தெரியல, பரீட்சைக்கு வந்துடுச்சு” என்றார் பின்பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர். சிலர் சிரித்தார்கள். அக்கா பேனாவைக் கீழே வைத்தார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்து வந்துவிட்டால் இனி புத்தகத்தைத் தொடமாட்டார் என்று எனக்குத் தெரியும். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன்.

“அவங்க தப்பில்ல டீச்சர். என் தப்பு. நான் எதிர்ல உக்காந்து சொல்லிக்குடுத்தேன். புக்கு என் பக்கம் இருந்துச்சு.”

முப்பது பேர் என்னைப் பார்த்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. அக்காவை உட்காரச் சொல்லிவிட்டு அவருக்கு எதிரே போய் நின்றார். “உங்களுக்கு எப்படி வருதோ அப்படியே படிங்கம்மா.” தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது பற்றி ஏழெட்டு வரிகள். அக்கா திக்காமல் படித்தார். “இப்படிப் படிக்க எனக்கே வராது” என்றார் டீச்சர். எழுதியதையும் தாளைத் திருப்பி வைத்துத் திருத்தினார். அக்கா தேறினார்.

வெளியே வந்ததும், “ஏன்க்கா, தலைகீழா தெரியுதுன்னு ஒரு வார்த்தை சொல்லல?” என்றேன்.

“நம்ம ஊர்ல பாதிப் பேரு உருதுவ வலது பக்கத்துலேர்ந்துதான் படிக்கிறாங்க. நான் படிச்சா இன்னா?” என்று சிரித்தார். பிறகு, “பக்கத்துல வந்து உக்காருன்னு சொன்னா நீ மறுநாளே நின்னுடுவ தம்பி. அதான்” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது உண்மை. மூன்று மாதமும் என் கூச்சத்தை அவர்தான் சுமந்திருக்கிறார்.

“பாஸு சரி. ஆஸ்பத்திரி போர்டைத் தலைகீழா மாட்டுங்கன்னு நான் யாரைப் போய் கேக்கறது?”

ஆஸ்பத்திரியில் கொடுத்த அடுத்த தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. மறுநாள் மதியம் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கம் போனேன். “இன்னா, ரெண்டு பேரும் ஒரே சைடு? அந்தப் பக்கம் தோலை யாரு புடிக்கிறது?” என்று அடுத்த மேசையில் கேலி செய்தார்கள். காது சூடானது, ஆனாலும் எழவில்லை. நேராகப் பார்த்தால் அக்காவுக்கு எல்லாமே புது எழுத்து. கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். இரண்டாம் நாள் புத்தகத்தைத் தள்ளிவிட்டார். ஐந்தாம் நாள் பிடிபட்டது. எட்டாம் நாள் நான் பன் சுற்றிக்கொண்டு வந்த பேப்பரைப் பிடுங்கிப் படித்தார்.

அக்கா இப்போது குடியாத்தத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். வீட்டுக்காரரும் அங்கேதான். திட்டம் நிற்கவில்லை, இந்த வருடமும் புத்தகக் கட்டு வந்திருக்கிறது. எங்கள் மேசைக்குப் புதிதாக வந்தவர் கலவை என்ற ஊர்க்காரர், பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. இம்முறை நானே டீச்சரிடம் போய்ப் பெயர் கொடுத்தேன். முதல் நாளே அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரசாங்கத்தின் கணக்கில் அக்கா ஒரு பெயர், ஒரு மதிப்பெண். எனக்கு, அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த மறுநாள் மேசைக்கு எதிரே நின்று அவர் சொன்னதுதான் கணக்கு.

“யாரையும் கேக்கல தம்பி. நேரா டாக்டர் ரூமு வாசல்ல போய் உக்காந்தோம். ஆனா அங்க எத்தினி போர்டு தெரியுமா? இங்கே துப்பாதே, கதவைச் சாத்து, மூணாவது மாடி, ரத்தம் எடுக்கும் இடம். ஒண்ணு விடாம நின்னு நின்னு படிச்சேன். ‘நீ இந்த ஆஸ்பத்திரியவே படிச்சி முடிச்சிட்டு வா, நான் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கேன்’னு அவரு திட்டிக்கினே வந்தாரு.”