காணோம் என்று தேடியவள்

சனிக்கிழமை காலை, சுவாமி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஹந்தானையிலிருந்து ராணியின் அண்ணன் போனில் பேசினார். "அக்கா, ராணி போயிருச்சுங்க. நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆஸ்பத்திரி போய்ச் சேரல." திரி கையிலேயே இருந்தது.

நம் கோவிலுக்கு வருகிற எல்லோருக்கும் செல்வராணியைத் தெரியும். நான் அன்னதானக் கணக்கு எழுதும் அதே அறையில், கடை வேலை முடிந்து வந்து, அர்ச்சனைப் பெயர்களைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டாள். குடும்பத்துக்கு ஒரு கோப்பு: பெயர்கள், நட்சத்திரம், விலாசம். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வழக்கமாக வருகிறவர் வராவிட்டால், அந்தக் கோப்பின் அடியில் 'காணோம்' என்று அடித்துவைப்பாள். அந்தச் சொல்லைத் தேடும் தேடலையும் சேமித்து வைத்திருந்தாள். அதைத் திறந்தால் அந்தச் சொல் உள்ள கோப்புகள் மட்டும் வந்து நிற்கும். திங்கட்கிழமை அந்த வீடுகளுக்குப் போவாள். ஆளைப் பார்த்துவிட்டு வந்து சொல்லை அழிப்பாள். கோப்பு தானாகவே தேடலிலிருந்து விலகிவிடும்.

அந்தத் தேடலில் தெரிவதெல்லாம் பிரதி என்று நினைத்து, ஒருமுறை அம்பிட்டியக் குடும்பம் ஒன்றின் கோப்பை அழித்துவிட்டேன். அசலே போய்விட்டது.

"மாமியா மருமக எல்லாத்தையும் சேத்துக் குப்பைக் கூடையில போட்டுட்டீங்களேக்கா! நல்லவேள, குப்பைய இன்னும் கொட்டல."

சிரித்துக்கொண்டே மீட்டெடுத்தாள். பிறகு சொன்னாள்: "இது பெட்டி இல்லக்கா, கேள்வி. தொறக்கிறப்பல்லாம் புதுசாக் கேக்கும்."

அடைமழையில் மடவளைப் பக்கம் கிளம்பியவளிடம், போனில் விசாரித்தால் போதாதா என்றேன்.

"போன்ல எல்லாரும் நல்லா இருக்கேன்னுதான் சொல்வாங்க. மொகத்தப் பாக்காம அழிக்கக் கூடாதுக்கா."

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. "அந்தத் தேடல எடுத்துருவோமாம்மா? இனி யாரு வீடு வீடாப் போறது?" என்று கோவில் தலைவர் கேட்டார். எடுக்குமுன் ஒருமுறை திறந்தேன்.

ஒரே ஒரு கோப்பு வந்து நின்றது. என் வீட்டுக் கோப்பு.

ராணி போவதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, என் வீட்டுக்காரர் படியில் வழுக்கிவிழுந்து காலை முறித்துக்கொண்டார். மறுநாள் பூசைக்கு நான் போகவில்லை. ராணிக்குப் போனில் சொல்லியிருந்தேன். நன்றாக இருக்கிறேன் என்றும் சொன்னேன். அப்படியும் அன்று மாலை 'காணோம்' என்று அடித்துவைத்திருக்கிறாள். மறுநாள் காலை அவளே இல்லை.

முருகா என்று உட்கார்ந்துவிட்டேன். "எடுக்க வேணாங்கய்யா. நான் போறேன்" என்று தலைவரிடம் சொன்னேன்.

இப்போது திங்கட்கிழமைகளில் நான்தான் போகிறேன். எப்போது திறந்தாலும் மற்றப் பெயர்களோடு என் பெயரும் வந்து நிற்கிறது. திங்கட்கிழமை இரவுகளில் வாசல் விளக்கை அணைக்கக் கை வருவதில்லை.

செல்வராணியுடையது என்று நான் வைத்திருப்பது அந்த ஒரு சொல்தான். மற்றவர்களைப் பார்த்து வந்து, அவர்களுடையதை அழித்துவிடுகிறேன். என்னுடையதை அழிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்க அவள் இன்னும் வரவில்லை.