மனோரஞ்சிதம், ஒன்று

பேய், முனி, காற்று, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் வாயை மூடச் சொல்கிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதியில் நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கப் போகிறீர்கள். நெய்வேலியில் நாங்கள் இருந்த பிளாக்கில் நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் ஆளுக்கொரு கதையோடுதான் வருவார்கள், மண்மேட்டில் வெள்ளையாக ஏதோ நின்றது, சைக்கிள் கேரியரில் யாரோ ஏறி உட்கார்ந்தார்கள் என்று. போய்க் குளித்துவிட்டுத் தூங்குங்கள், எல்லாம் இறங்கிவிடும் என்பேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு நஷ்டமில்லை, இத்தனை வருஷமாக நம்பாமலிருக்க நானே முயன்று பார்த்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசி. நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரன். சுரங்கத்துக்குள் இறங்குகிற வேலை இல்லை எனக்கு, சுரங்கத்துக்கு நிலம் எடுக்கிற பிரிவில் கிளார்க், இன்னும் பர்மனென்ட் ஆகாத கிளார்க். சுரங்கம் நகர நகர அதற்கு முன்னால் இருக்கிற ஊர் காலியாக வேண்டும், அதற்கு முன்னால் நாங்கள் போய் வீடு வீடாக எழுத வேண்டும். நோட்டில் இடது பக்கம் ஆட்கள், வலது பக்கம் மரம், கிணறு, கொட்டகை. இடது பக்கத்தில் பெயர் ஏறினால் புதுக் குடியிருப்பில் இடம் உண்டு. புருஷன் விட்டுவிட்டுப் போன பெண்களைத் தனிக் குடும்பமாக எழுதச் சொல்லியிருந்தார்கள், அவர்களுக்குத் தனி மனை. பெயர் ஏறவில்லை என்றால் ஒன்றும் இல்லை.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், இப்போது அங்கே ஊர் இல்லை, பள்ளம்தான் இருக்கிறது. சேத்தியாத்தோப்பு போகிற பஸ்ஸில் அந்த ஊர் நிறுத்தத்துக்கு மட்டும் மனோரஞ்சிதம் என்று பெயர். கண்டக்டர் “மனோரஞ்சிதம் எறங்கு” என்று கத்தும்போது புதிதாக வந்தவர்கள் யாரோ ஒரு பெண்ணைத்தான் இறங்கச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்ப்பார்கள். நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ஓட்டு வீடு, அதன் வாசலில் ஒரு பெரிய மனோரஞ்சிதம், அதனால் வந்த பெயர். செடி என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அடி பருத்து, கொடி மாதிரி கூரைவரைக்கும் ஏறி, மரமாகவே ஆகிவிட்டிருந்தது. நான் பார்த்தேன். இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் தனகோட்டி வயலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி அஞ்சலை அடுப்பை விட்டு எழுந்து வரவில்லை, உள்ளேயிருந்தே பதில் சொன்னாள்.

“வீட்ல எத்தனை பேரும்மா?”

“நானு, அவரு, ரெண்டு புள்ளைங்க, மனோரஞ்சிதம்ங்க.”

அவள் சொல்லி முடித்த கையோடு வெளியே சர்வே ஆள் கலியபெருமாள் குரல் கொடுத்தார். “எழுதிக்கினு வாங்க சார்! தென்ன மூணு, முருங்க ஒண்ணு, மனோரஞ்சிதம் ஒண்ணு!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் நிற்கிற செடியையும் பிள்ளைகளோடு சேர்த்துச் சொல்கிறாளே, எவ்வளவு பிரியம் பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன். இடது பக்கம் எழுதப் போன பேனாவை வலது பக்கம் கொண்டுபோய், ‘மனோரஞ்சிதம், ஒன்று’ என்று எழுதினேன். செடியா, ஆளா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உச்சி வெயில், இன்னும் முப்பது வீடு பாக்கி, நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது கலியபெருமாள் இலைக்குள் துழாவி, பழுத்து மஞ்சளான ஒரு பூவைப் பறித்துக் கொடுத்தார். “ஏதாச்சும் ஒரு பழத்த நெனச்சிக்கினு மோந்து பாருங்க சார், அந்தப் பழமா மணக்கும்” என்றார். நான் எங்கள் ஊர்ப் பனம்பழத்தை நினைத்தேன். சத்தியமாகப் பனம்பழமாகவே மணந்தது. எல்லாம் மனசுதான் ஐயா என்று அவரைக் கிண்டல் செய்துவிட்டு, பூவை என் கைநோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இந்தச் செடிக் கதையைச் சரோஜாவிடம் சொன்னேன். சரோஜா என் மனைவி. அவள் சிரிக்கவில்லை. கையில் வாரப் பத்திரிகை, அதில் யாரோ ஒரு நாட்டியக்காரியைப் பற்றிய தொடர்கதை, வாரா வாரம் அதைப் படித்து அழாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

“ஏங்க, அது ஆளா இருந்தா? இந்தக் கதையில வர்றவ பேரும் மனோரஞ்சிதம்தான். இவளைக் கண்டாலும் செடின்னு எழுதிருவீங்களோ?”

“கதையில வர்ற பேரையெல்லாம் ஊர்ல யாரு வைக்கிறா?” என்று சொல்லிவிட்டேனே தவிர, உள்ளே ஏதோ இடறியது. மறுநாள் கலியபெருமாளிடம் கேட்டேன். “அய்யய்யோ, தனகோட்டி தங்கச்சி பேரு அதுதான் சார். புருசன் வுட்டுட்டுப் போயி ரெண்டு வருசமா அண்ணன் வூட்டுலதான் இருந்துக்கினு இருக்குது. அன்னிக்குக் கொல்லப்பக்கம் இருந்திருக்கும்” என்றார்.

அன்றைக்கே திருத்தியிருக்க வேண்டும். நோட்டு டைப்புக்குப் போய்விட்டது, திருத்தினால் நான் செய்த தப்பை ஆபீசரிடம் நானே சொல்ல வேண்டும், அந்த மாதம்தான் பர்மனென்ட் லிஸ்டில் என் பெயர் வருமா என்று காத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சொல்லவே கூசுகிறது, ஒரு பெண்ணின் கூரையைவிட என் வேலை எனக்குப் பெரிதாக இருந்தது.

அதற்குள் லிஸ்டை ஊரில் எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டார்கள். தனகோட்டி வீட்டு முறை வந்ததும், ‘மனோரஞ்சிதம், மரம், ஒன்று’ என்று வாசிக்க, ஊரே சிரித்ததாம். அந்தப் பெண் கூட்டத்துக்குள்தான் நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அண்ணன், “பேரே இல்லாதவளுக்கு எடம் ஏது? நீ செடியோட இங்கயே இருந்துக்க” என்று சொல்லிவிட்டானாம். இதை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கலியபெருமாள் என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். இரண்டு மணிச் சங்கு ஊதியது, ஷிப்ட் மாறுகிற நேரம், தெருவில் பஸ்கள் போய் ஓய்ந்தன. எதற்கோ கைநோட்டைத் திறந்தேன். பூ பத்து நாள் காய்ந்து கறுத்துக் கிடந்தது. அதிலிருந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள், பழ வாசனை இல்லை. பாசி பிடித்த ஆழக் கிணற்றில் எட்டிப் பார்த்தால் முகத்தில் அடிக்குமே, அந்த ஈர வாசனை. சரோஜாவிடம் நீட்டினேன். “பலாப்பழம் மாதிரி லேசா வருது. காஞ்ச பூவுக்கு இதுவே அதிகம்” என்றாள்.

எனக்கோ அது கூடிக்கொண்டே போனது. தொண்டையில் இறங்கியது, மூக்குக்குள் தண்ணீர் ஏறினால் எரியுமே, அப்படி எரிந்தது. நினைத்ததுதான் மணக்கும் என்றார் அந்த ஆள். நான் கிணற்றை நினைக்கவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸில் குழாய்தான், கிணற்றை நினைத்தே வருஷக்கணக்காகிறது. நான் நினைக்கவில்லை என்றால் இதை யாரோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. கையைக்கூடக் கழுவாமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

பஸ் அன்றைக்குப் பார்த்து ஊர்ந்தது. கண்டக்டர் “மனோரஞ்சிதம் எறங்கு” என்றதும் குதித்து இறங்கினேன். வீட்டில் யாரும் இல்லை, கதவு சாத்தியிருந்தது. சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கிணறு இருந்தது. அதன் கைப்பிடிச் சுவரில் ஆறு கண்ணாடி வளையல்கள், பச்சை நிறம், கழற்றி வரிசையாக வைத்திருந்தது. தண்ணீர் உள்ளே மெல்ல ஆடிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. இன்னும் இரண்டு அடி வைத்தால் எட்டிப் பார்த்துவிடலாம். கால் வரவில்லை.

“சார்.”

வாசல் பக்கமிருந்து குரல். ஓடினேன். மனோரஞ்சிதத்தின் அடியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள், இருபத்தைந்து வயது இருக்கும். புடவை தொப்பலாக நனைந்து, காலடியில் மண் சேறாகியிருந்தது. அதற்கு முன் நான் அவளைப் பார்த்ததே இல்லை.

“நீதான் மனோரஞ்சிதமாம்மா?”

“ஆமாங்க.”

எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். “தப்பு என்னுதும்மா. உன் பேரை எழுதிடறேன். அவசரப்பட்டு எதுவும் பண்ணிடாதே” என்றேன்.

“எந்தப் பக்கம் எழுதுவீங்க?”

“ஆளுங்க பக்கம்மா. இன்னிக்கே.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பஸ்ஸில் திரும்பும்போது பூவை எடுத்து மோந்து பார்த்தேன், அதில் எந்த வாசனையும் இல்லை, காய்ந்த சருகு.

ஆபீசர் என்னைக் கிழிகிழியென்று கிழித்தார். கடைசியில், “வாசிச்சு முடிச்ச லிஸ்ட், மொத்த வரி எண்ணிக்கை மாறக்கூடாது. ஒண்ணை அடிச்சிட்டு ஒண்ணை எழுதிக்க” என்றார். போனது ஒரு செடிதானே. வலது பக்கத்தில் மனோரஞ்சிதத்தை அடித்தேன், இடது பக்கத்தில் மனோரஞ்சிதம், பெண், தனிக் குடும்பம் என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டேன். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம்.

நாலைந்து மாதம் கழித்து ஊரைக் காலி செய்தார்கள். நானும் கலியபெருமாளும் போயிருந்தோம். தனகோட்டி வீட்டு வாசலில் செடி இல்லை. வெட்டிய அடிமரம் இல்லை, பிடுங்கிய குழி இல்லை, பல காலமாகக் காய்ந்து கிடந்த மாதிரித் தரை, அதில் ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது.

“செடி எங்கேய்யா?” என்றேன்.

“எந்தச் செடி சார்?” என்றார் கலியபெருமாள். “நான் தென்ன மூணு, முருங்க ஒண்ணுதானே சொன்னேன்?”

பூப் பறித்துக் கொடுத்தீரே என்றேன். சாருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் தனகோட்டியைப் பார்த்துச் சொன்னார். தனகோட்டி, “எங்கப்பா காலத்துல ஒண்ணு இருந்துதாங்க, அதை வெச்சித்தான் ஸ்டாப்புக்கே பேரு. எனக்கு வெவரம் தெரிஞ்சி இல்லீங்க” என்றார். அவர் பொய் சொல்கிற மாதிரி இல்லை. மூட்டை கட்டிக்கொண்டிருந்த அஞ்சலை மட்டும் என்னைத் தனியாகப் பார்த்து, “நாத்தனாரு முன்ன மாதிரி இல்லீங்க சார். சோறு திங்கறதே கொறஞ்சிபோச்சி. தண்ணிய மட்டும் செம்பு செம்பா குடிச்சிக்கினு வெயில்ல போயி நிக்குது” என்றாள்.

கொல்லையில் கிணற்றை மூடிக்கொண்டிருந்தார்கள். வளையல்கள் ஆறும் சுவரிலேயே இருந்தன, தூசி படிந்து, யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. மண்ணோடு அவையும் உள்ளே போயின. மூடுவதற்கு முன் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை, இரண்டாவது தடவையும் பார்க்கவில்லை.

அவளுக்கு மனை கிடைத்தது. எனக்கும் பர்மனென்ட் ஆனது. ஏழெட்டு வருஷம் கழித்து வேறு வேலையாக அந்தப் புதுக் குடியிருப்புக்குப் போனேன். ஒரு வீட்டு வாசலிலிருந்து “சார்” என்று கூப்பிட்டாள். அதே குரல். அதே இருபத்தைந்து வயது முகம், அதை என்னவென்று சொல்வது, உடம்பு வாகு என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெறுங்கை, வளையல் இல்லை. டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாசலில் ஒரு செடிகூட இல்லை, ஆனால் பழுத்த பலாப்பழ வாசனை ஆளைத் தூக்கியது.

“நல்லா இருக்கியாம்மா?”

“நல்லா இருக்கறங்க. எல்லாம் உங்க புண்ணியம்.” பிறகு, ஏதோ மறந்துபோன கடை சாமானைக் கேட்கிற மாதிரி, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“அன்னிக்கு நோட்டுல ஒரு மனோரஞ்சிதத்த அடிச்சீங்களே சார். எங்க ரெண்டு பேருல யாரை அடிச்சீங்க?”

நான் தண்ணீரைக் குடிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நடந்தேன், ஓடவில்லை, நடந்தேன். நான் அடித்தது செடியைத்தான். வலது பக்கத்தில் இருந்ததைத்தான் அடித்தேன், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அந்த வலது பக்கத்துப் பெயரை எழுதின அன்று என் காதில் முதலில் விழுந்தது கலியபெருமாள் குரல் இல்லை, வீட்டு ஆட்களை எண்ணிச் சொன்ன அஞ்சலையின் குரல்.