முத்துமாரி படத்துக்குப் பின்னால் இருந்த காகிதம்

போன ஆடியில் என் இடது மார்பில் இருந்த கட்டியைப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். தாராவியில் இட்லி அவித்து விற்கிறவள் நான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு காகிதத்தைக் கொடுத்து மராத்தியில் மளமளவென்று பேசினாள். எனக்குப் பிடிபட்டது "பத்திய" என்ற ஒரே சொல். பத்தியம்தானே, நமக்குத் தெரியாததா என்று தலையாட்டிவிட்டு வந்தேன். காகிதத்துக்குக் குங்குமம் வைத்து, யாரிடமும் காட்டாமல் முத்துமாரி படத்துக்குப் பின்னால் செருகினேன்.

அன்றிலிருந்து உப்பில்லாத கஞ்சியும் சுட்ட அப்பளமும்தான். முட்டை, மீன், எண்ணெய் எதையும் தொடவில்லை. மகள் செல்வி சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினாள்.

"ஏட்டி, சும்மா கெட. ஆஸ்பத்திரியிலயே பத்தியம்னுதான் சொல்லிருக்காவ" என்று அதட்டினேன்.

மூன்றாவது கீமோவுக்குப் போனபோது, ரத்தம் குறைந்துவிட்டது, எடையும் இறங்கிவிட்டது, மருந்தைத் தாங்க மாட்டாய் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். "பத்திய" ஒழுங்காக இருக்கிறாயா என்று கேட்டார்கள். "ஹான்" என்று பெருமையாகச் சொன்னேன். அடுத்த முறையும் திருப்பி அனுப்பினார்கள். மருந்து நின்றால் நோய் சும்மா இருக்குமா? செத்துப்போவேன் என்றே நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை விளக்கேற்றி, "தாயே, ஒரு வழி சொல்லு" என்று வாய்விட்டு அழுதேன். அவள் பேசவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ண மூடிட்டேல்லா, சுவரப் பாத்தே இரு" என்று படத்தைக் கழற்றித் திருப்பினேன்.

காகிதம் கீழே விழுந்தது.

மராத்திப் பள்ளியில் படித்த செல்வி அதை எடுத்துப் படித்தாள். அவள் முகம் மாறியது.

"எம்மா, இதுல முட்டை, பருப்பு, மீனு, தயிரு எல்லாம் நல்லா சாப்பிடணும்னு போட்டிருக்கு. மராத்தியில பத்தியன்னா டாக்டர் சொல்லுத சாப்பாட்டு முறைம்மா. நீ பட்டினில்லா கெடந்திருக்க!"

அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுதோம். அன்றே ஒரு முட்டை அவித்துக் கொடுத்தாள். வாய் கசந்தது, ஆனாலும் விழுங்கினேன். சாப்பாடு நோயைத் தீர்க்காது, மருந்தைத் தாங்குகிற தெம்பைத் தரும் என்று டாக்டர் விளக்கினார். கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் ஏறியது. நின்ற கீமோ மறுபடி தொடங்கி முடிந்தது.

இன்றும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் நடுங்கிக்கொண்டுதான் போகிறேன். இன்னும் எத்தனை வருஷம் என்று டாக்டரும் சொல்லவில்லை, முத்துமாரியும் சொல்லவில்லை. நான் கேட்பதும் இல்லை. இன்றைய சாப்பாட்டை அவள் பெயரைச் சொல்லிச் சாப்பிடுகிறேன்.

சகோதரிகளே, அவளை நம்புங்கள். நான் கேட்பதற்கு முன்பே பதிலைக் கொடுத்துவிட்டாள். அதை அவள் முதுகுக்குப் பின்னால் செருகிவிட்டு, அவள் பேசவில்லை என்று ஏசியவள் நான்.